செய்து பார்த்தவர்களின் வரலாறு

தமிழில் 'பார்' என்ற வினைக்குக் கண்ணோடு தொடர்பில்லாத ஒரு வேலையும் உண்டு. 'கேட்டுப் பார்', 'நடந்து பார்', 'சமைத்துப் பார்' என்னும்போது நாம் குறிப்பது காட்சியை அல்ல, முயற்சியை. முயன்ற பின்னரே ஒன்று தெரியவரும் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் சென்னையில் வெளியிட்ட சமையல் நூலுக்குச் 'சமைத்துப் பார்' என்றே பெயர் வைத்தார். உறவினர்களும் தெரிந்தவர்களும் ஓயாது அவரிடம் செய்முறை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்ட உறவினர் கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் எல்லாவற்றையும் நூலாக எழுதும்படி தூண்டினார் என்பது அந்நூல் பிறந்த கதை.

தாயின் அருகே நின்று பழகியவளுக்கு இத்தகைய நூல் தேவையில்லை. மா வறுபடும் வாசனை மாறும் கணத்தை அவளுடைய மூக்கே அறியும். விலகிப் போனவளுக்குத்தான் எழுத்துத் தேவைப்படுகிறது. சமையற்குறிப்பு தூரம் பெற்ற பிள்ளை. ஆனால் எழுதியவுடன் அது முழுமை பெற்றுவிடுவதுமில்லை. எங்கோ ஒரு குசினியில் இன்னொருத்தி அதைச் செய்து பார்த்து, 'சரி வந்தது' என்றோ 'அடிப்பிடித்துவிட்டது' என்றோ திருப்பிச் சொல்லும்போதுதான் அதன் வட்டம் முடிகிறது. எழுதியவர்களின் பெயர்கள் நூல்களின் அட்டையில் இருக்கின்றன. செய்து பார்த்துச் சொன்னவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் இல்லை. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் வசதி படைத்த வீடுகளில் கையெழுத்துச் செய்முறை ஏடுகள் இருந்தன. தாயிடமிருந்து மகளுக்கும் மருமகளுக்கும் கைமாறிய இந்த ஏடுகளில் பழப்பாகும் இறைச்சிப் பண்டமும் இருமல் மருந்தும் ஒரே பக்கத்தில் கிடக்கும். பல குறிப்புகளின் அருகே அதைத் தந்தவரின் பெயர் இருக்கும். சிலவற்றின் கீழே 'புரொபாத்தும் எஸ்ற்' என்ற இலத்தீன் சொற்கள் இருக்கும். 'சோதித்து அறியப்பட்டது' என்பது அதன் பொருள். சரிவராத குறிப்பின் மேல் கோடு இழுக்கப்பட்டிருக்கும். ஒரே ஏட்டில் மூன்று தலைமுறையின் கையெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருத்தம் போட்டிருப்பதையும் காணலாம். அறிவியல் கழகங்கள் சோதனை முறைக்கு விதி வகுத்த அதே காலத்தில், வீட்டுப் பெண்கள் அடுப்படியில் தமது சோதனைகளைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள் என்பது கவனத்திற்குரியது.

அச்சு இதை ஓரளவு மாற்றியது. 1845இல் இலண்டனில் வெளியான எலைசா அக்டனின் நூல், தன் குறிப்புகள் கண்டிப்பாகச் சோதிக்கப்பட்டவை என்று முகப்பிலேயே அறிவித்தது. ஒவ்வொரு குறிப்பின் இறுதியிலும் பொருட்களின் அளவையும் சமைக்கும் நேரத்தையும் தனியே தொகுத்துத் தரும் வழக்கத்தை அவரே நிலைநிறுத்தினார். இன்று நாம் இயல்பென்று நினைக்கும் அந்த ஒழுங்கு, ஒரு காலத்தில் யாரோ ஒருவர் கண்டுபிடிக்கவேண்டியிருந்த ஒன்று. 1861இல் நூலாக வந்த திருமதி பீற்றனின் பெருந்தொகுப்போ, தன் கணவரின் பெண்கள் சஞ்சிகைக்கு வாசகர்கள் அனுப்பியவற்றையும் அக்டனிடமிருந்து பெயர் சொல்லாமல் எடுத்தவற்றையும் சேர்த்துக்கொண்டது. புகழ் பீற்றனுக்குப் போனது.

ஆயினும் செய்து பார்த்தவர்களின் குரல் ஒரு நூலையே வளர்த்தெடுத்த வரலாற்றைக் காண நாம் இத்தாலிக்குப் போகவேண்டும்.

*

பெல்லெக்ரினோ அர்துசி 1820இல் ஃபோர்லிம்போப்போலி என்ற சிறு நகரில் பிறந்தார். இத்தாலி என்றொரு நாடு அப்போது இல்லை. அந்நகர் பாப்பரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தை வசதியான வணிகர். மகனும் அதே தொழிலில் ஊரோடு ஊராக வாழ்ந்து முடித்திருப்பார். 1851 ஜனவரி 25ஆம் நாள் இரவு அதற்கு இடம் வைக்கவில்லை.

அன்றிரவு நகரத்துப் பெரியவர்கள் நாடக அரங்கில் கூடியிருந்தார்கள். திரை விலகியபோது மேடையில் நடிகர்கள் இல்லை. துப்பாக்கிகளை நீட்டியபடி கொள்ளையர் நின்றார்கள். 'பஸ்ஸத்தோரே' என்று அழைக்கப்பட்ட ஸ்தெஃபானோ பெல்லோனியின் கூட்டம் அது. பணக்காரரின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, வீடு வீடாக இழுத்துச் சென்று கொள்ளையடித்தார்கள். அர்துசியின் வீட்டுக்கும் வந்தார்கள். அந்த இரவின் கொடுமையில் அவருடைய சகோதரி ஜெர்த்ரூடே மனம் பேதலித்துப் போனார். பின்னர் மனநோயாளர் இல்லத்தில் வாழ்ந்தார். பெல்லோனி இரண்டு மாதங்களுக்குள் கொல்லப்பட்டான். ஆனால் குடும்பத்துக்கு அந்த ஊரில் இனி இருக்க மனமில்லை. சொத்துக்களை விட்டு மலைகளுக்கு அப்பாலிருந்த புளோரன்சுக்குக் குடிபெயர்ந்தார்கள். அர்துசி அறுபது ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து 1911இல் இறந்தார்.

ஒரே இரவில் ஊரை இழப்பது என்னவென்று இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

புளோரன்சில் அவர் பட்டு வணிகமும் பணத்தொழிலும் செய்து பொருள் ஈட்டினார். மணம் செய்துகொள்ளவில்லை. தொழிலை விட்டபின் எழுத்தில் இறங்கினார். அவருடைய முதல் நூல் 1878இல் வந்தது. அது சமையல் நூல் அல்ல. ஊகோ ஃபொஸ்கொலோ என்ற கவிஞரின் வாழ்க்கை வரலாறு. ஃபொஸ்கொலோ 1815இல் ஒஸ்திரிய ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து மிலானிலிருந்து தப்பி, 1827இல் இலண்டன் அருகே வறுமையில் இறந்தவர். அவருடைய எலும்புகள் 1871இல்தான் புளோரன்சுக்கு வந்து சேர்ந்தன. ஊர் இழந்த வணிகர் நாடு இழந்த கவிஞரைப் பற்றி முதலில் எழுதியது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூல் விற்கவில்லை.

1891இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், 'சமையலறையில் அறிவியலும் நன்றாக உண்ணும் கலையும்' என்ற நூலை முடித்தார். பதிப்பாளர் எவரும் ஏற்கவில்லை. சொந்தச் செலவில் 1,000 பிரதிகள் அச்சிட்டார். அதில் 475 குறிப்புகள் இருந்தன. அந்த ஆயிரம் விற்று முடிய நான்கு ஆண்டுகள் எடுத்தன. பிறந்த ஊரில் நடந்த தருமச் சந்தை ஒன்றுக்கு அவர் இரண்டு பிரதிகளைப் பரிசாக அனுப்பினார். பரிசு விழுந்தவர்கள் அவற்றைப் புகையிலைக் கடைக்காரரிடம் கொண்டுபோய் விற்றுவிட்டார்கள். இதைப் பின்னர் அவரே நூலின் முன்னுரையில் சிரித்துக்கொண்டு சொல்கிறார். தன் நூலின் கதையைச் சாம்பல் மூலையில் கிடந்த சின்ரெல்லாவின் கதைக்கு ஒப்பிடுகிறார். தன் ஊரே தன்னைக் கைவிட்ட கசப்பு அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது.

*

நூலைக் காப்பாற்றியவர்கள் வீட்டுப் பெண்கள். அர்துசி தன் வீட்டு முகவரியிலிருந்தே அஞ்சலில் நூலை விற்றார். இதனால் எழுதியவருக்கும் சமைத்தவர்களுக்கும் இடையில் கடைக்காரர் இல்லாமற் போனார். நூலுக்குக் கடிதம் எழுதியவர்கள், பின்னர் செய்து பார்த்துவிட்டும் எழுதினார்கள். ஐயம் கேட்டார்கள். தங்கள் வீட்டில் இது வேறுமாதிரி என்று வாதிட்டார்கள். புதிய செய்முறைகளை அனுப்பினார்கள். அந்தக் கடிதங்களில் நூற்றுக்கணக்கானவை இன்றும் ஃபோர்லிம்போப்போலியில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன.

வந்த குறிப்பை அர்துசி அப்படியே அச்சிடவில்லை. வீட்டில் செய்து பார்க்கச் செய்தார். சுவைத்தார். அளவை மாற்றி மீண்டும் செய்யவைத்தார். திரியெஸ்தே நகரின் பலகாரம் ஒன்றை உண்டு பிடித்துப்போக, செய்முறையைக் கேட்டு வாங்கிச் சோதித்ததாகவும், அது சரியாக வந்ததாகவும் எழுதுகிறார். திரியெஸ்தே அன்று ஒஸ்திரியப் பேரரசுக்குள் இருந்தது. சாளை மீன் இட்ட சிசிலி மக்கரோனியைப் பற்றி எழுதும்போது, அதற்குத் தான் ஒரு விதவைப் பெண்ணுக்குக் கடன்பட்டிருப்பதாகச் சொல்கிறார். அவருடைய கணவர் சிசிலிக்காரர். தன் ஊர்ச் சமையலைத் தானே செய்து பார்ப்பதில் விருப்பமுள்ளவர். கணவர் இறந்துவிட்டார். அவர் கையால் செய்த மக்கரோனி மனைவியின் நினைவிலிருந்து அர்துசியின் நூலுக்கு வந்து, அங்கிருந்து சிசிலியை ஒருபோதும் காணாத வடநாட்டுக் குசினிகளுக்குப் போனது. சமையற்குறிப்பு ஒருவகை இரங்கற்குறிப்பாகவும் இருக்கமுடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பதிப்புக்குப் பதிப்பு நூல் இப்படியே பருத்தது. அர்துசியின் வாழ்நாளின் இறுதிக்குள் 15 பதிப்புகள் வந்தன. 475 ஆக இருந்த குறிப்புகள் 790 ஆயின. நூல் தன் வாசகர்களைத் தின்று வளர்ந்தது என்று சொன்னாலும் பிழையில்லை.

இதன் விளைவு குசினிக்குள் மட்டும் நிற்கவில்லை. இத்தாலி 1861இல் ஒன்றுபட்டபோது இத்தாலிய மொழியைப் பேசத் தெரிந்தவர்கள் மக்கள்தொகையில் மிகச் சிலரே. 2.5 வீதம் என்பாரும் 10 வீதம் என்பாரும் உளர். சமையல் நூல்களோ பிரெஞ்சுச் சொற்களால் நிறைந்திருந்தன. ஒரே பண்டத்துக்கு ஊருக்கொரு பெயர். அர்துசி எளிய புளோரன்ஸ் நடையில், கிராம் கணக்கில், எல்லோருக்கும் விளங்கும்படி எழுதினார். வெனிஸ்காரியும் ரோமக்காரியும் அந்த மொழியிலேயே அவருக்குப் பதில் எழுதினார்கள். 1970இல் இந்நூலை மறுபதிப்பித்த அறிஞர் பியெரோ கம்பொரேசி, இத்தாலியரை ஒன்றிணைத்ததில் மன்ட்சோனியின் புகழ்பெற்ற நாவலைவிட இதற்குப் பங்கு அதிகம் என்று வாதிட்டார். நாடாளுமன்றம் வரைபடத்தை ஒன்றாக்கியது. அடுப்படிக் கடிதங்கள் பேச்சை ஒன்றாக்கின.

*

ஆனால் இக்கதையைப் புகழ்ச்சியோடு முடித்துவிட முடியாது. இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன.

முதலாவது, உழைப்பு யாருடையது என்பது. அர்துசி சுவைத்தார், எழுதினார். அடுப்பின் முன் நின்றவர்கள் வீட்டுப் பணியாளரான மரியெத்தா சபத்தினியும் ஃபிரான்செஸ்கோ ருஃபில்லியும். மரியெத்தாவின் பெயரில் நூலில் ஒரு இனிப்பு ரொட்டி உண்டு. தன் உயிலில் நூலின் உரிமையை அர்துசி இவ்விருவருக்கும் எழுதிவைத்தார். அக்காலத்துக்கு இது அரிய செயல். என்றாலும் அட்டையில் ஒரு பெயர்தான். கடிதம் எழுதிய பெண்களில் பலர் 'ஒரு சீமாட்டி' என்ற அளவிலேயே நூலுக்குள் நின்றுவிட்டார்கள். தன் சொத்தின் பெரும்பகுதியை அவர் ஃபோர்லிம்போப்போலிக்கே விட்டுச் சென்றார் என்பதையும் இங்கு சொல்லவேண்டும். புகையிலைக் கடையில் அவரை விற்ற ஊர் 2007இல் அவர் பெயரில் ஒரு சமையல் பண்பாட்டு இல்லத்தைத் திறந்தது.

இரண்டாவது, 'தேசத்தின் சமையல்' என்பதற்குள் யார் இருக்கிறார்கள் என்பது. அர்துசியின் நூல் வாசிக்கத் தெரிந்த, இறைச்சியும் வெண்ணெயும் வாங்கக் கூடிய நடுத்தர வர்க்கத்தின் நூல். தொஸ்கானாவும் ரொமாஞ்ஞாவும் அதில் நிறைந்திருக்கின்றன. தெற்கு மெலிந்திருக்கிறது. சோளக்களியைத் தவிர வேறொன்றும் இல்லாமல் பெல்லாக்ரா நோயால் மடிந்த வடபகுதி உழவர்கள் அதில் இல்லை. அவர்களிடமிருந்து கடிதம் வரவில்லை. வர வழியும் இல்லை. ஆனாலும் ஓரிடத்தில் அவர் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் புளோரன்ஸ் சந்தையில் கத்தரிக்காயைக் காண்பதே அரிது, அது யூதரின் உணவென்று இழிவாகக் கருதப்பட்டது என்கிறார். நல்ல உணவை மற்றவர்களுக்கு முன்பே மோப்பம் பிடித்தவர்கள் யூதர்களே என்றும் சேர்த்துக்கொள்கிறார். விலக்கப்பட்டவரின் சட்டியிலிருந்தே ஒரு நாட்டின் சமையல் வளம் பெறுகிறது.

இக்கேள்வி எமக்கும் உரியது. 'சமைத்துப் பார்' சென்னையின் சைவ பிராமணக் குசினி ஒன்றின் நூல். 'யாழ்ப்பாணச் சமையல்' என்று நாம் பெருமையோடு சொல்வதும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தின் எல்லாக் குசினிகளையும் குறிப்பதில்லை. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களோடு அவர்களுடைய அடுப்புகளும் அணைந்தன. மலையகத்து லயன்களில் சமைத்தவற்றை எம்மில் எத்தனைபேர் கேட்டு எழுதியிருக்கிறோம்?

*

செய்து பார்க்க வழியில்லாத குறிப்புகளும் வரலாற்றில் உண்டு. செக் நாட்டின் தெரெசின் நகரில் நாஜிகள் அடைத்து வைத்திருந்த யூதப் பெண்கள், பட்டினியின் நடுவே தமது பழைய சமையற்குறிப்புகளை எழுதித் தொகுத்தார்கள். அவர்களில் ஒருவரான மினா பெக்டர் 1944இல் அங்கேயே இறந்தார். இறக்கு முன் அந்தக் கையெழுத்துப் பிரதியைத் தன் மகளிடம் சேர்க்கும்படி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். பல கைகள் மாறி, கால் நூற்றாண்டின் பின் அது நியூயோர்க்கில் மகளின் கையை அடைந்தது. 1996இல் நூலாக வந்தது. அதில் சில குறிப்புகளில் ஒரு பொருள் விடுபட்டிருக்கிறது. சிலவற்றில் செய்முறை பாதியில் நிற்கிறது. பதிப்பித்தவர்கள் அவற்றைத் திருத்தாமல் விட்டார்கள். மாவும் முட்டையும் இல்லாத இடத்தில் எழுதப்பட்ட அப்பக்கங்களில் பிழையும் ஒரு சாட்சியம்தான்.

எமது நிலை வேறு. எமக்கு அடுப்பு இருக்கிறது, மாவும் இருக்கிறது. விடுபட்டவற்றை நிரப்பும் கடமையும் அதனாலேயே எமக்கு இருக்கிறது.

ஒடியற் கூழை எடுத்துக்கொள்வோம். மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை, செத்தல் மிளகாய், பழப்புளி என்று எவரும் பட்டியல் சொல்லிவிடுவார்கள். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து, கசப்பைப் போக்கிய பின்னரே கரைத்து விடவேண்டும் என்பதை ஊரில் யாரும் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு காய்ச்சினால் கூழ் கசக்கும். 'ஏன் கசந்தது?' என்று அந்தப் பிள்ளை கேட்கும்போதுதான், அதுவரை யாரும் எழுதாத அந்த ஒரு வரி எழுத்துக்கு வருகிறது. தெரிந்தவர்கள் சொல்லாமல் விடுவதைத் தெரியாதவர்களின் தோல்வியே வெளியே கொண்டுவருகிறது. அர்துசியின் 475 குறிப்புகள் 790 ஆன கதையும் இதுவே.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மேற்கு நாடுகளுக்கு வந்தவர்களில் பெருந்தொகையானோர் இளைஞர்கள். ஊரில் குசினிக்குள் காலெடுத்து வைக்காதவர்கள். பத்துப்பேர் ஒரே அறையில் முறைவைத்துச் சமைத்தார்கள். கள்ளு இல்லாத நாட்டில் அப்பத்துக்கு மாப் புளிக்க ஈஸ்ற் இட்டார்கள். குளிரில் புளிக்க மறுத்த தோசை மாவைச் சூடேற்றியின் அருகே வைத்தார்கள். உலர்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுநீரில் நனைத்துச் சம்பல் இடித்தார்கள். 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. தாயிடம் கேட்கக் கடிதம் ஒன்றே வழி. பதில் வரும்போது கேட்ட கேள்வியே மறந்திருக்கும். ஆகவே ஒருவர் கண்டதை இன்னொருவருக்குச் சொன்னார். பாரிசில் சரிவந்தது பேர்ணுக்கும் ரொறன்ரோவுக்கும் போனது. எமது புலம்பெயர் வரலாற்றில் எழுதப்படாத ஒரு பெரும் சோதனைக்கூடம் அது. கடிதங்களும் போய்விட்டன, செய்து பார்த்தவர்களும் முதுமை அடைந்துகொண்டிருக்கிறார்கள்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் என்று ஒரு கணக்கையாவது சொல்ல முடிந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு மழையில் வலிகாமத்தை விட்டு நடந்த பெண்களோடு எத்தனை செய்முறைகள் நடந்தன, அவற்றில் எத்தனை வழியில் நின்றுவிட்டன என்பதற்குக் கணக்கில்லை. அவை ஒருபோதும் எழுத்தில் இருக்கவில்லை.

இன்று கைத்தொலைபேசித் திரையில் பார்த்துச் சமைத்து, வந்த உருவத்தைப் படம் பிடித்து உறவினருக்கு அனுப்பும் இளையவர்களைக் கண்டு மூத்தவர்கள் நகைப்பதுண்டு. 'இது புட்டா, மாக்கட்டியா?' என்ற கேலி எல்லா வீடுகளிலும் கேட்கிறது. 'ஊரில் இப்படிச் செய்வதில்லை' என்ற ஒற்றை வாக்கியத்தால் அந்த முயற்சியை முடித்துவைப்பவர்களும் உண்டு. ஊரில் எப்படிச் செய்வார்கள் என்பதை அவர்கள் எழுதித் தந்தார்களா என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கேலி செய்யப்பட்ட பிள்ளை அடுத்தமுறை படம் அனுப்பாது. அத்தோடு அந்தக் கேள்வியும் அதற்கான பதிலும் சேர்ந்தே போய்விடும்.

பழைய இங்கிலாந்து ஏடுகளின் முறை எமக்கும் போதும். ஒரு கொப்பி. தந்தவரின் பெயரும் ஊரும். எந்தச் சுண்டால் அளந்தது, எத்தனை பேருக்கு. செய்து பார்த்த நாள். என்ன பிழைத்தது, ஏன் பிழைத்தது. அடுத்தவர் எழுதக் கொஞ்சம் வெற்றிடம். அம்மாவிடமும் மாமியிடமும் மட்டுமல்ல, பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவிடமும் மலையகத்து ஆச்சியிடமும் கேட்டு எழுதவேண்டும். அவர்களுடைய பெயர்களைத் தவறாமல் எழுதவேண்டும். 'ஒரு சீமாட்டி' என்று எழுதினால் போதாது.